கங்கைகொண்ட சோழபுரத்தின் மதிலும் தொடக்ககால ஒளிப்படக்கலையும்

கங்கைகொண்ட சோழபுரம், அரியலூர் மாவட்டத்தில் முதலாம் இராசேந்திர சோழன் 11-ஆம் நூற்றாண்டில் அமைத்த தலைநகரம் ஆகும். இங்குள்ள சிவன் கோயில் 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனால் கோயிலைச் சூழ்ந்திருந்த மதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது, மதிலின் கற்கள் அதற்காகப் பெயர்த்து எடுக்கப்பட்டன. ஊர்மக்கள் தடுக்க முயன்றும் பயனில்லாமல் போனதை 1855-ஆம் ஆண்டின் விவரக் குறிப்பு ஒன்று கூறுகிறது.

ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். மூன்றே ஆண்டு இடைவெளி! அதனால் பெயர்க்கப்படுவதற்கு முன் அந்த மதில் நின்ற கோலத்தைக் காட்ட ஓர் ஒளிப்படமும் நமக்கு இல்லை.

சென்னை மாகாணத்தில் ஒளிப்படம்

1856-இல் சென்னை அரசு, படைத்துறை அதிகாரியான லின்னேயசு டிரைப் (1822–1902) என்பவரைத் தன் அலுவல்முறை ஒளிப்படக்காரராக நியமித்தது. பழங்கட்டடங்களைப் பதிவு செய்வது அவருடைய முதன்மைப் பணிகளுள் ஒன்று. 1857 டிசம்பரில் பயணம் தொடங்கிய அவர், இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படமெடுத்தார். அவர் பெரிதும் பயன்படுத்தியது மெழுகிட்ட காகித நெகட்டிவ். கண்ணாடித் தகட்டைப் போல இது உடையாது; முன்கூட்டியே தயாரித்தும் வைத்துக்கொள்ளலாம். மாட்டுவண்டிக் காலத்துப் பயணத்துக்கு ஏற்றது.

இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலில், விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 1858-இல் அவர் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டிச் சேர்த்தபோது ஏறத்தாழ 19 அடி நீளப் படம் உருவானது. இன்று கைப்பேசி தானாகவே செய்யும் ‘பனோரமா’ வேலையை அவர் கையால் செய்தார்.

நெகட்டிவில் திருத்தம்

அக்கால நெகட்டிவ்கள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றன. பச்சையைக் குறைவாகவே ஏற்றன. எனவே அச்சில் வானம் வெறுமையாகவும் மரங்கள் கரிய திட்டுகளாகவும் தெரிந்தன. டிரைப் நெகட்டிவின் மீது வண்ணம் தீட்டி மேகங்களையும் இலைத்தொகுதிகளையும் வரைந்து சேர்த்தார். வண்ணம் பட்ட இடம் ஒளியைத் தடுப்பதால் அச்சில் அது வெளுப்பாக விழும். ஆக, படத்திருத்தம் கணினியோடு பிறந்தது அன்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மேகத்தைச் சேர்த்தால் காட்சி அழகு பெறும். வரலாற்றுக்கு இழப்பு பெரிதாக இல்லை. கல்வெட்டில் தேய்ந்த எழுத்துக்கு ஒரு கோடு சேர்த்தால்? ‘ப’ என்பது ‘ம’ ஆகலாம். ஓர் ஊரின் பெயரே மாறிப்போகலாம். ஆவணப்படத்தில் திருத்தத்தின் எல்லை இதுவே.

மாகாண ஆளுநர் சார்லசு டிரெவெல்யன் 1859-இல் செலவைக் காரணம் காட்டி இப்பணியை நிறுத்தச் செய்தார்.

மாணவர்கள் செய்யக்கூடியது

பெரம்பலூர் மாவட்டத்தின் இரஞ்சன்குடிக் கோட்டை, சாத்தனூர்க் கல்மரம், அரியலூர்ப் பகுதியின் சிறு கோயில்கள் ஆகியவற்றைப் படமெடுக்கும்போது பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்:

1. கல்வெட்டைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுக்கவும். பக்கவாட்டு ஒளியில்தான் எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். சுண்ணக்கட்டி தேய்க்கக் கூடாது.

2. கல்லுக்கு நேர் எதிரே நின்று எடுக்கவும். நீண்ட வரியாயின், அடுத்தடுத்த படங்களில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று வருமாறு எடுக்கவும்.

3. அருகில் ஓர் அளவுகோல் வைக்கவும். 18 மீட்டர் நீளமுள்ள கல்மரமும் அளவு காட்டாத படத்தில் விறகுக்கட்டை போலத் தோன்றும்.

4. வெளிச்சம், மாறுபாடு, சாய்வு ஆகியவற்றைத் திருத்தலாம். எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது. தானாகத் ‘தெளிவாக்கும்’ செயலிகள் இல்லாத கோடுகளை உண்டாக்கக்கூடும். எனவே மூலப்படத்தைத் தனியே காக்கவும்.

5. ஊர், நாள், படமெடுத்த திசை ஆகியவற்றை அன்றே எழுதிவைக்கவும்.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி பயன்படுத்த முன் அனுமதி வேண்டும்.

1836-இல் மதிலைக் காக்க நின்ற ஊர்மக்களிடம் ஒளிப்படக் கருவி இல்லை. இன்று அது நம் சட்டைப்பையில் இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் சாந்து பூசப்படும் சுவரும், சாலை விரிவாக்கத்தில் பெயர்க்கப்படும் கல்லும் அதற்கு முன்பே படமாகிவிட வேண்டும்.