எட்டா, பதினாறா? அணு எடை கண்ட கதை



தோட்டத்து ஸ்டோரில் ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஆசிட் கலப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தள்ளி நின்றாலும் மூக்கைத் துளைக்கும் வாடை. மலாயில் அதைச் 'சுக்கா' என்பார்கள். அப்படிப் பயன்பட்ட அமிலங்களில் ஒன்று அசெட்டிக் அமிலம். சமையலுக்கு உதவும் காடியில் இருப்பதும் அதுவே. அதன் மோலார் நிறை என்னவென்று நாலாம் படிவத்துப் பிள்ளையைக் கேளுங்கள். கார்பன் அணு இரண்டு, 24. ஹைட்ரஜன் நான்கு, 4. ஆக்சிஜன் இரண்டு, 32. ஆக மொத்தம் 60 கிராம் என்று விரல்விட்டுச் சொல்லிவிடும்.

இந்தச் சாதாரணக் கூட்டல் ஐரோப்பாவின் பெரும் அறிஞர்களுக்கு ஐம்பது ஆண்டுக் காலம் பிடிபடாமல் இருந்தது. 1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் கெக்குலே என்ற ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட பாடநூலில், இதே அசெட்டிக் அமிலத்துக்கு அப்போது வழங்கிவந்த வாய்பாடுகளை வரிசையாக அச்சிட்டுக் காட்டினார். மொத்தம் பத்தொன்பது! பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

குழப்பத்தின் வேரைத் தேடினால் ஜான் டால்டனிடம் போய்ச் சேருவோம். இவர் இங்கிலாந்தில் ஒரு கைத்தறி நெசவாளியின் மகன். பன்னிரண்டு வயதிலேயே பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியவர். பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை, ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் ஓர் எடை உண்டு என்று கூறி, 1803-இல் அணு எடைகளின் முதல் பட்டியலைத் தம் குறிப்பேட்டில் எழுதினார். ஹைட்ரஜனை 1 என்று வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டார்.

ஆனால் தனி அணுவைத் தராசில் வைக்க முடியாதே! ஒரு கூடையில் தேங்காயும் எலுமிச்சையும் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தேங்காய்களின் மொத்த எடை, எலுமிச்சைகளின் மொத்த எடையைப்போல் 8 மடங்கு. ஒரு தேங்காய் ஓர் எலுமிச்சையைப்போல் எத்தனை மடங்கு? எத்தனை காய், எத்தனை பழம் என்று எண்ணாமல் சொல்ல இயலாது. தண்ணீரின் கதையும் இதுதான். தண்ணீரைப் பிரித்தால் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன் கிடைக்கும். இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்திருந்தால் ஆக்சிஜன் அணுவின் எடை 8. ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று என்றால் 16. டால்டன் எளிமையை நம்பி ஒன்றுக்கு ஒன்று என்றார். அது வெறும் ஊகம்தான்.

1808-இல் பிரெஞ்சுக்காரரான கேலுசாக் ஒரு புதுமையைக் கண்டார். இரண்டு பங்கு ஹைட்ரஜன் வாயுவும் ஒரு பங்கு ஆக்சிஜன் வாயுவும் கூடினால் இரண்டு பங்கு நீராவி வருகிறது. இதன் பொருளை 1811-இல் விளக்கியவர் அவகாட்ரோ. வெர்செல்லி என்னும் இத்தாலிய ஊரில் ஆசிரியராக இருந்தவர். முதலில் படித்ததோ சட்டம்! ஒரே வெப்பமும் ஒரே அழுத்தமும் உள்ள வாயுக்களில், சமமான கொள்ளளவுக்குள் சமமான எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்றார் அவர். அப்படியானால் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு அணுக்கள் கொண்டது; அது பாதியாகப் பிரிந்து இரண்டு நீர் மூலக்கூறுகளுக்குள் போகிறது. கூடையில் உள்ளதை எண்ணும் வழி கிடைத்துவிட்டது.

கேட்டவர்கள்தாம் மிகச் சிலர். டால்டன் கேலுசாக்கின் அளவுகளையே ஏற்கவில்லை. ஒரே வகை அணுக்கள் இரண்டு ஒட்டிக்கொள்ள மாட்டா என்பது அக்காலத்து ரசாயன உலகின் பெரியவரான பெர்சீலியசின் கருத்து. தொழிற்சாலைக்காரர்களுக்கும் இதைப் பற்றிக் கவலையில்லை. இதற்கு இத்தனை எடை வேண்டும் என்ற விகிதமே அவர்களுடைய வேலைக்குப் போதும். இப்படியே காலம் ஓடியது. 1856-இல் அவகாட்ரோ காலமானபோது, அவர் சொன்னது பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது.

அதை மீட்டவர் இன்னோர் ஆசிரியர். சிசிலித் தீவில் பிறந்த ஸ்தனிஸ்லாவ் கன்னிசாரோ, 1848-இல் அங்கு நடந்த புரட்சியில் பங்குகொண்டு, அது தோற்றதும் பிரான்சுக்குத் தப்பியோடியவர். பின்னர் ஜெனோவா நகரில் ரசாயனம் கற்பித்தார். அங்கே தம் மாணவர்களுக்கு நடத்திய பாடத்தின் சுருக்கத்தை 1858-இல் வெளியிட்டார்.

அவர் காட்டிய வழி இது. ஹைட்ரஜன் மூலக்கூற்றை 2 என்று கொண்டு, ஆவியாகும் பொருள்களை ஒரே கொள்ளளவில் நிறுத்துப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு 28. அதில் கார்பன் 12. கார்பன் டை ஆக்சைடு 44; அதிலும் 12. மெத்தேன் 16, அதிலும் 12. சாராயத்தின் ஆவி 46, அதில் 24. ஈதர் 74, அதில் 48. எங்கு பார்த்தாலும் 12 அல்லது அதன் மடங்கு. 6 எங்கும் தலைகாட்டவில்லை. ஆகவே கார்பன் அணு 12. இதே முறையில் ஆக்சிஜன் 16. இதில் புதுச் சோதனை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கையில் இருந்த எண்களை ஒழுங்காக அடுக்கியதே அவர் செய்த காரியம். நமக்கு அதுவே பெரிய காரியமாகப் படுகிறது.

1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நூற்றுக்கு மேற்பட்ட ரசாயன அறிஞர்கள் மூன்று நாள் கூடினார்கள். கன்னிசாரோ ஆவேசமாகப் பேசியும் முடிவு எட்டவில்லை. கலையும் வேளையில் அவருடைய நண்பர் பவேசி அந்தச் சிறு நூலின் பிரதிகளைக் கையில் கொடுத்தனுப்பினார். லோதர் மேயர் என்பவர் அதைப் படித்தபின் தம் ஐயமெல்லாம் தீர்ந்தது என்று பிற்காலத்தில் எழுதினார். அந்தக் கூட்டத்தில் இருந்த இருபத்தாறு வயது ரஷ்ய இளைஞர் மெண்டலீவ், சரியான அணு எடைகளைக் கொண்டு 1869-இல் தனிம வரிசை அட்டவணையை அமைத்தார்.

இனி, மோல் என்பது என்ன? 18 கிராம் தண்ணீரிலும் 60 கிராம் அசெட்டிக் அமிலத்திலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. 602 என்று எழுதி அதன் பின்னால் 21 பூஜ்யங்கள் போட்டால் ஏறக்குறைய அந்த எண் வரும். அதற்கு அவகாட்ரோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2019-இல் உலக நாடுகள் இவ்வெண்ணை நிலையாக வரையறுத்துவிட்டன.

ஸ்டோருக்கே திரும்புவோம். பால் வழியில் உறைந்துவிடாதிருக்க அம்மோனியா விடுவதுண்டு. பிறகு ஊற்றும் ஆசிட்டில் ஒரு பகுதி அந்த அம்மோனியாவை முறிப்பதிலேயே செலவாகிவிடும். ஓர் அம்மோனியா மூலக்கூறுக்கு ஓர் அமில மூலக்கூறு தேவை. அம்மோனியாவின் மோலார் நிறை 17. ஃபார்மிக் அமிலத்துக்கு 46. அசெட்டிக் அமிலத்துக்கு 60. பாலில் 34 கிராம் அம்மோனியா இருந்தால் அது 2 மோல். அதை முறிக்கச் சுத்தமான ஃபார்மிக் அமிலம் 92 கிராம் போதும். அசெட்டிக் அமிலமானால் 120 கிராம் வேண்டும். பால் உறைவதற்கான ஆசிட்டை இதற்கு மேல்தான் கணக்கிட வேண்டும். 51 கிராம் அம்மோனியா இருந்தால் எவ்வளவு என்பதை இன்றிரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களே போட்டுப் பாருங்கள்.