பாரிசவாதத்துக்குப் பிந்திய கைப்பயிற்சியில் மிகை மெய்ம்மை

பாரிசவாதத்தால் செயலிழந்த கையை மறுபடி இயங்கப் பழக்குவதற்காக, நோயாளியின் கண்முன் இருக்கும் உண்மையான மேசை, கோப்பை, கை ஆகியவற்றின்மேல் கணினி வரையும் உருவங்களைச் சேர்த்துக் காட்டும் முறை இது. மெய்நிகர் முறை நோயாளியைக் கற்பனை உலகுக்குள் கொண்டுபோகிறது. அங்கே தெரிவது கணினி வரைந்த கை. மிகை மெய்ம்மையில் அவர் தன் சொந்தக் கையையே பார்க்கிறார், உண்மையான பொருளையே தொடுகிறார். எட்டிப் பிடிப்பதற்குத் தூரத்தையும் பிடியின் அளவையும் மூளை கணிக்க வேண்டியிருப்பதால், இந்த வேறுபாடு சிறியதல்ல.

இதன் மூலத்தைத் தேடினால் கணினிக்கு முன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வருகிறது. அதைப் பயன்படுத்தியவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற தமிழரான வி. எஸ். இராமச்சந்திரன். கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பணியாற்றிய அவர், கை துண்டிக்கப்பட்டவர்கள் இல்லாத கையில் உணரும் வலியை ஆராய்ந்தார். இருக்கும் கையின் பிம்பம், இழந்த கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தியபோது சிலருக்கு அந்தக் கை அசைவதுபோன்ற உணர்வு வந்தது. அந்த ஆய்வு 1996இல் வெளியானது. 1999இல் எரிக் அல்ட்ஷூலரும் இராமச்சந்திரனும் பிறரும் அதே கண்ணாடியைப் பாரிசவாதம் வந்த 9 பேரிடம் பயன்படுத்தி, முடிவுகளை 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். நோயுற்ற கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். நல்ல கையின் பிம்பம் அதன் இடத்தில் அசையும். இரு கைகளையும் சேர்த்து அசைக்க நோயாளி முயல்வார். கண்ணால் கண்ட அசைவு மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டுகிறது என்பதே இதன் அடிப்படைக் கருத்து. கண் காண்பதை மாற்றிக் கையைப் பழக்குதல் என்ற எண்ணம் இங்கேயே முழுமையாக இருக்கிறது. பின்வந்த கருவிகள் அதை விரித்தன.

கருவியின் வரலாறு வேறு துறையில் நடந்தது. தலையில் அணியும் காட்சிக் கருவியை ஐவன் சதர்லாந்து 1968இல் செய்து காட்டினார். 1990களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தில், மின்கம்பி பொருத்துவோருக்கு வழிகாட்டும் முயற்சியின்போது தொம் கோடெல் இத்தொழில்நுட்பத்துக்கு மிகை மெய்ம்மை என்ற பெயரை வைத்தார். 1999இல் ஹிரோகாசு கத்தோ உருவாக்கிய மென்பொருள், காகிதத்தில் அச்சிட்ட ஓர் அடையாளத்தையும் சாதாரண கமராவையும் கொண்டே இதைச் செய்ய வழிவிட்டது. புனர்வாழ்வு ஆய்வாளர்களின் கைக்கு அது எட்டியது அதன் பிறகுதான். 2005இல் சிகாகோ ஆய்வாளர்கள் விரலை விரிக்க உதவும் கருவியோடு இதை இணைத்தார்கள். 2010இல் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில், உண்மையான பொருளை எடுத்துத் திரையிலுள்ள தட்டில் அடுக்கும் விளையாட்டு உருவானது. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் ஹோல்கர் ரெகன்பிரெக்ட் குழுவினர் கண்ணாடியின் வேலையைக் கமராவுக்கும் திரைக்கும் கொடுத்தார்கள்.

பயன் என்ன? 2009இல் கத்தரின் லாங் குழுவினரின் ஆய்வு, ஒரு பயிற்சி வேளையில் நோயாளியின் கை சராசரியாக 32 தடவையே பயனுள்ள அசைவைச் செய்ததாகக் கண்டது; மூளை மாற்றத்தைக் காட்டிய விலங்காய்வுகளிலோ அது நூற்றுக்கணக்கில் இருந்தது. விளையாட்டு ஆர்வத்தால் நோயாளி சலிக்காமல் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார் என்பதே இக்கருவிகளின் நம்பிக்கை. இதற்கு நெருங்கிய முறையான மெய்நிகர் பயிற்சிக்கான 2017ஆம் ஆண்டுக் கொக்ரேன் தொகுப்பாய்வு 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது: வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாகக் கொடுத்தபோது கைக்குத் தெளிவான மேன்மை இல்லை, அதனோடு கூட்டிக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. கூடுதல் நேரம் கூடுதல் பலன் தந்தது என்றே இதை வாசிக்க வேண்டும். 141 பேரைக் கொண்ட இன்னோர் ஆய்வில் (2016) வீ (Wii) என்ற காணொளி விளையாட்டுக் கருவியும் சீட்டாட்டம் போன்ற எளிய விளையாட்டுகளும் ஒரே அளவு பலனையே தந்தன.

இனி நம் பக்கம் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் புனர்வாழ்வுப் பணி போர்க்காயங்களோடு வளர்ந்தது. 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் காலிழந்தோருக்குச் செயற்கைக் கால் செய்து கொடுத்து வந்திருக்கிறது. உறுப்பிழந்தோரின் வலிக்காகப் பிறந்த கண்ணாடி முறை பாரிசவாதக்காரருக்கும் உதவுவதால், இரு வகையினரும் உள்ள இந்த மண்ணுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். பாரிசவாதம் வந்தவர்களில் பலர் எண்ணெய்த் தொக்கணத்துக்குச் சித்த வைத்தியரை நாடுகிறார்கள். கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வியும் உண்டு. ஆனால் தொக்கணத்தின்போது அசைப்பவர் வைத்தியர். கை மீள, நோயாளி தானே முயன்று அசைக்க வேண்டும்.

பயிற்சியை வீட்டாரிடம் மட்டும் விட்டுவிடவும் முடியாது. ஜெயராஜ் துரை பாண்டியன் முதலானோர் இந்தியாவின் 14 வைத்தியசாலைகளில் 1,250 பேரிடம் நடத்திய ஆய்வு (2017), குடும்பத்தாருக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்தும் ஆறு மாத முடிவில் நோயாளிகள் பிறரில் தங்கியிருக்கும் நிலை குறையவில்லை என்று காட்டியது. இயன்மருத்துவரின் தொடர்ச்சியான கண்காணிப்பு வேண்டும்.

மேலைநாட்டுப் பயிற்சி விளையாட்டுகள் நம் வீட்டுக் கைக்காக அமைந்தவையல்ல. சோறு குழைத்து உண்பது, இடியப்பம் பிழிவது, தேங்காய் துருவுவது, சாரம் கட்டுவது ஆகியவையே இங்கு கையின் வேலை. இவற்றைத் திரையில் சேர்க்கும் கருவியை இங்குள்ள மாணவர்களே கைத்தொலைபேசியில் செய்யலாம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு நிலைக்கண்ணாடியோடு, இயன்மருத்துவர் காட்டிய முறைப்படி இன்றே தொடங்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்காதீர்கள். தோள்மூட்டு விலகினால் எந்தப் பயிற்சியும் நின்றுபோகும்.