எழுந்து நின்ற மாணவர்கள்

1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 11. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், இயேசு சபையினர் நடத்தும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் ஆலயத்தில் மாணவர் திருப்பலி. மறையுரை ஆற்றியவர் அச்சபையைச் சேர்ந்த அருட்தந்தை கிளாட் ஹைத்தவுஸ். வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தார்க்கு ஒரு பள்ளி என மாநிலச் சட்டமே வகுத்திருந்த காலம் அது. பல்கலைக்கழகத்திலும் கறுப்பின மாணவர்க்கு இடமில்லை. யூதர்க்கும் புத்த மதத்தார்க்கும் நிறம் பாராமல் திறக்கும் கதவை, கறுப்பர் என்பதற்காகக் கத்தோலிக்கர் முகத்தில் அறைந்து சாத்துவதா என்று அவர் கேட்டார். அப்பட்டியலில் பிராமணரையும் சேர்த்திருந்தார் என்பது நமக்குச் சற்றே புன்னகை தரும்.

முடிவில் மாணவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். அவர்களும் எழுந்தனர்; கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டி, இனி அவற்றில் பங்குகொள்வதில்லை என அவரோடு சேர்ந்து உறுதி கூறினர்.

அவ்வாண்டுக் கோடையில் கறுப்பின மாணவர் ஐவர் சேர்க்கப்பட்டனர். அடிமைமுறை நிலவிய மாநிலங்களில், அதுவரை வெள்ளையர்க்கெனவே இருந்து பின் இவ்வாறு கதவைத் திறந்த முதல் பல்கலைக்கழகங்களுள் இதுவும் ஒன்று. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்துடன் மகிழ்ந்து நின்றுவிடும். நமக்கோ அடுத்து நடந்ததே முக்கியமாகப் படுகிறது.

வகுப்பறையில் அருகருகே அமரலாம். மாணவர் நடன விழாவுக்கு மட்டும் கறுப்பின மாணவர் வரலாகாது என்றது நிர்வாகம். பாடம் கேட்கும்போது இல்லாத தீட்டு, இசை கேட்கும்போது எங்கிருந்து வந்தது? தம் மாணவர்கள் ஆலயத்தில் கூறிய உறுதி நடன மண்டபத்துக்கும் பொருந்தும் என்று ஹைத்தவுஸ் வாதாடினார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1945-இல் கண்டிக்கப்பட்டு, அந்நகரை விட்டே மாற்றப்பட்டார்.

1947-இல் பேராயர் ஜோசப் ரிட்டர் மறைமாவட்டப் பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழித்தார். வழக்குத் தொடுப்போம் என்ற வெள்ளையினப் பெற்றோருக்குத் திருச்சபை விலக்கத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார். எதிர்ப்பு அடங்கியது. எதிர்த்தவர்களின் உள்ளமும் அடங்கியதா என்பது வேறு கேள்வி.

2014 ஆகஸ்டில், அந்நகரை அடுத்த ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபரில், அந்நகரிலேயே இன்னொரு கறுப்பின இளைஞரும் காவலர் ஒருவரின் துப்பாக்கிக்குப் பலியானதைத் தொடர்ந்து, மாணவரும் போராட்டக்காரரும் அதே பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டருகே ஆறு நாள்கள் தங்கிப் போராடினர். இறுதியில் பதின்மூன்று அம்ச உடன்பாடு கையெழுத்தாயிற்று. சேர்ந்த கறுப்பின மாணவர் படிப்பை நடுவில் விட்டுப் போகாதிருக்கக் கூடுதல் பொருளுதவி வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. ஹைத்தவுஸின் மறையுரைக்கு அப்போது எழுபது வயது.