மர்யமின் பெயரும் ஹாரூனின் பெயரும்: ஃபாரோ நகரம்

அரபு இலக்கணத்தை முறையாகப் பயின்றவர்களுக்கு சீபவைஹியின் ‘அல்-கிதாப்’ பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஹிஜ்ரி 1316-17இல் கெய்ரோவின் பூலாக் அச்சகம் வெளியிட்ட அதன் பதிப்பைப் புரட்டியவர்கள், மூலத்துடன் சேர்த்து அச்சிடப்பட்ட உரையொன்றையும் கண்டிருப்பர். சீபவைஹி சான்றாக எடுத்தாண்ட கவிதை அடிகளை விளக்கும் அவ்வுரையின் பெயர் ‘தஹ்ஸீலு ஐனித் தஹப்’. ஆசிரியர் அபுல் ஹஜ்ஜாஜ் யூசுஃப் இப்னு சுலைமான். அறிஞருலகம் அன்னாரை அல்-அஃலம் அஷ்-ஷன்தமரீ என்றே அறியும். மேலுதடு பிளவுபட்டிருந்தமையால் ‘அஃலம்’ என்பது பட்டப்பெயராயிற்று. ‘ஷன்தமரீ’ என்பது ஊரைக் குறிக்கும் நிஸ்பத். நம் மத்ரஸாக்களில் இப்பெயரை உச்சரித்துவிட்டு மேலே செல்கிறோமேயன்றி, அது எந்த ஊர் என்று வினவுவோர் அரிது.

அவ்வூர் இன்றைய போர்ச்சுகலின் தென்கடற்கரையில் உள்ள ஃபாரோ. அதனைச் சூழ்ந்த பகுதி அல்கார்வ் எனப்படுகிறது. அரபியில் மேற்கைக் குறிக்கும் ‘அல்-ஃகர்ப்’ என்பதன் திரிபே அது. கிழக்கு அந்தலூஸிலும் ஒரு ஷன்தமரிய்யா இருந்தது. இன்று ஸ்பெயினில் அல்பர்ராஸின் எனப்படுவது அதுவே. இரண்டும் குழம்பாதிருக்கவே நம் ஊரை ‘ஷன்தமரிய்யத்துல் ஃகர்ப்’ என்றனர்.

லிஸ்பனிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். வாடகைக் கார் எடுத்துச் சென்றோம். சாலையின் இடப்பக்கம் பழகிய நமக்கு வலப்பக்கப் போக்குவரத்து முதல் அரைமணி நேரம் மருட்சி தரும், பின்னர் பழகிவிடும். அல்கார்வின் ஊடே செல்லும் ஏ-22 நெடுஞ்சாலையில் 2025 ஜனவரி முதல் சுங்கக் கட்டணமும் நீக்கப்பட்டுவிட்டது. கார் கையிலிருந்தால், செந்நிறக் கற்கோட்டை நிற்கும் சில்வ்ஸ் நகரையும் அதே பயணத்தில் காணலாம். கவிஞர் இப்னு அம்மாரின் பெயரோடும், பின்னாளில் இஷ்பீலிய்யாவின் மன்னரான அல்-முஃதமிதின் இளமையோடும் பிணைந்த ஊர் அது. ஆனால் ஃபாரோவின் பழைய நகருக்குள் கார் உதவாது. மதிலுக்கு வெளியே, புனித பிரான்சிஸ் பெயர் கொண்ட பெருந்திடலில் வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதே நலம்.

மதில் சூழ்ந்த பழைய நகரை ‘விலா அதென்த்ரு’ என்கின்றனர். ஏறக்குறைய ‘உள்நகர்’ என்று பொருள். அதன் முகப்பு வாயில் 1812இல் கட்டப்பட்டது. அதன் உட்புறத்திலோ குதிரைலாட வடிவ வளைவு ஒன்று நிற்கிறது. முஸ்லிம்கள் கடலிலிருந்து நகருக்குள் நுழைந்த வாயில் அதுவே. புதிய வாயிலை நிமிர்ந்து பார்த்துப் படமெடுப்போர் பலர். பழைய வளைவின் முன் நிற்போர் சிலரே. மதிலுக்கு அப்பால் ரயில் தடமும், அதனையடுத்து ரியா ஃபொர்மோஸா என்னும் உப்பங்கழியும் உள்ளன. கடலேற்றத்தின்போது நீர் மதிலைத் தொடும் என 1154இல் அல்-இத்ரீஸீ எழுதியதை அங்கு நின்றால் உணரலாம். அத்திப்பழமும் திராட்சையும் மலிந்த, ஜாமிஃ பள்ளிவாசலும் கப்பல் போக்குவரத்தும் கொண்ட அழகிய ஊர் என்றும் அவர் குறிக்கிறார். அப்பள்ளிவாசல் இருந்த இடமே இன்றைய பேராலயம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து.

இங்கே ஊர்ப்பெயரைப் பற்றிச் சற்று நிதானிக்க வேண்டும். ‘ஷன்தமரிய்யா’ என்பது ‘சான்டா மரியா’வின் அரபு ஒலிப்பே. ஊரை ஆண்ட முஸ்லிம்கள் அக்கிறித்தவப் பெயரை மாற்ற முனையவில்லை. அவர்களின் தலைசிறந்த இலக்கண அறிஞர் அதனைத் தம் நிஸ்பத்தாகவே தாங்கினார். 11ஆம் நூற்றாண்டில் கொர்தோபாவின் கிலாஃபத் சிதறியபோது பனூ ஹாரூன் குடும்பத்தினர் இங்குத் தனியாட்சி நடத்தினர். ‘ஃபாரோ’ என்னும் பெயர் அந்த ஹாரூனிலிருந்தே வந்தது என்பர் பலர். காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோவின் 13ஆம் நூற்றாண்டுப் பாடல் தொகுப்பில் ஊர்ப்பெயர் ‘ஃபாரோன்’ என்றே வருவது இதற்கு வலுவூட்டுகிறது. முஸ்லிம்கள் மரியாவின் சிலையைக் கடலில் எறிந்ததாகவும், மீன் கிடைக்காமற் போகவே அதனை எடுத்து மதில்மேல் வைத்ததாகவும் கூறும் கதை அது. வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று, பெயருக்கான சான்றாக மட்டும் கொள்ளலாம். ஆக, முஸ்லிம்கள் மர்யமின் பெயரால் அழைத்த ஊரைக் கிறித்தவர்கள் ஹாரூனின் பெயரால் அழைத்து வருகின்றனர். 19ஆம் அத்தியாயத்தில் மர்யம் (அலை) ஹாரூனின் சகோதரி என விளிக்கப்படுவது ஓதுவோர் நினைவுக்கு வராமற் போகாது.

அல்-அஃலம் ஹிஜ்ரி 410இல் பிறந்தவர். 433இல் கொர்தோபா சென்று இப்னுல் இஃப்லீலீயிடம் பயின்றார். பிற்காலத்தில் பார்வையிழந்தார், 476இல் இஷ்பீலிய்யாவில் மறைந்தார். பனூ ஹாரூன் ஆட்சியை முடித்து ஷன்தமரிய்யாவைத் தன் அரசோடு இணைத்தவர் இஷ்பீலிய்யாவின் அல்-முஃததித். ‘தஹ்ஸீல்’ எழுதப்பட்டதோ அவரது ஆணையின் பேரில்! சொந்த ஊரின் தன்னாட்சி பறிபோனதை அஃலம் எவ்வாறு எண்ணினாரோ, அவருடைய இலக்கண நூல் அதனைச் சொல்லாது. இம்ரவுல் கைஸ், நாபிஃகா, அல்கமா, ஸுஹைர், தரஃபா, அன்தரா ஆகிய ஜாஹிலிய்யாக் கவிஞர் அறுவரின் பாடல்களைத் தொகுத்து உரை கண்டதும் அவரே. ஜெர்மானிய அறிஞர் ஆல்வார்ட் 1870இல் அவ்வறுவரின் பாடல்களைப் பதிப்பித்தபோது அத்தொகுப்பையே பெரிதும் சார்ந்திருந்தார். அரபு மண்ணின் மூத்த கவிதை, அட்லாண்டிக் கரையில் பிறந்த ஒருவரின் உழைப்பால் நம் கைக்கு வந்திருக்கிறது.

1249இல் மூன்றாம் அஃபோன்ஸோ நகரைக் கைப்பற்றினார். 1269இல் சில்வ்ஸ், தவிரா, லோலே, ஃபாரோ முஸ்லிம்களுக்கு உரிமைப் பட்டயமும் வழங்கினார். தலைவரி செலுத்திக்கொண்டு அவர்கள் மேலும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். 1496 டிசம்பரில் மன்னர் மனுவேல் யூதர்களையும் முஸ்லிம்களையும் நாடு நீங்கப் பணித்தார். மறு ஆண்டே வாஸ்கோ ட காமாவை நம் கடல்களை நோக்கி அனுப்பியவரும் இந்த மனுவேலே.

யூதர்களின் இழப்பையும் சொல்லியாக வேண்டும். போர்ச்சுகலில் அச்சான முதல் நூல் ஃபாரோவில், 1487இல், சாமுவேல் ககோன் என்பவர் ஹீப்ரு மொழியில் அச்சிட்ட தவ்ராத். எஞ்சிய ஒரே படி லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. யூதர் குடியிருப்பு இருந்த இடத்தில் 16ஆம் நூற்றாண்டில் கன்னிமடம் எழுந்தது. இன்று நகர அருங்காட்சியகம் அதில்தான் இயங்குகிறது.

கிறித்தவர்களின் நூல்களும் அங்கு நிலைக்கவில்லை. 1596இல் எஸெக்ஸ் பிரபுவின் ஆங்கிலப் படை நகரைச் சூறையாடி, ஆயர் மஸ்கரேன்யாஸின் நூலகத்தை அள்ளிச் சென்றது. அந்நூல்கள் ஆக்ஸ்ஃபோர்டில் 1602இல் திறக்கப்பட்ட போட்லியன் நூலகத்தைச் சேர்ந்தன. நூல்களைப் பறிகொடுத்த அந்த ஆயர் பின்னர் போர்ச்சுகலின் தலைமை இன்குவிசிட்டராக உயர்ந்தார். தடைசெய்யப்பட்ட நூல்களின் பெரும்பட்டியல் ஒன்று 1624இல் லிஸ்பனில் அவரது ஆணையால் வெளியாயிற்று.