பால்மரத்துக் குழாய்

சிறுநீர் அடைப்போடு பினாங்கு வார்டில் படுத்திருக்கும் பெரியவருக்குச் சிறுநீர் வடியப் போடுகிற ஃபோலி குழாய் பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்தது.

பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் ஒன்பது, 1877-ல் பேராக்கின் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. பிறகு தோட்டங்கள் பெருகின, பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம்மவர்களில் பலர் ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடைக் காவல் முடிந்து தோட்டங்களுக்குப் போனார்கள். குளிரில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியுமுன்னே பட்டையைச் சீவி, மங்கு மங்காகச் சேர்த்தார்கள். அந்தக் கைகளை மறந்துவிட்டு இந்தக் குழாயைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இன்று தாய்லாந்துப் பாலும் வருகிறது. உறையாதிருக்க அம்மோனியா சேர்த்து, சுழற்றிச் செறிவாக்கிய பாலில் மெல்லிய அச்சுகளைப் பலமுறை முக்கியெடுத்தால் குழாய். கோலகங்சாருக்குப் பக்கத்துக் கமுந்திங்கில் ரூஷ் என்ற பெயரில் விற்கும் குழாய்கள் உருவாகின்றன. நுனியருகே உள்ள பலூன், அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஃபோலி 1930-களில் தந்தது. அதற்குமுன் குழாய் நழுவாதிருக்கக் கட்டியும் ஒட்டியும் வைத்தார்கள்.

16-ஆம் எண் குழாயின் விட்டம் 5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். உள்ளே போனதும் பலூனில் 10 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய நீர் ஏற்றுவார்கள். உப்புநீர் ஏற்றினால் உப்புப் படிந்து, பின்னர் பலூன் சுருங்காமல் போகலாம். ரப்பர் ஒவ்வாதவருக்கு சிலிக்கோன் குழாய்.

இனி எல்லாம் தாதியின் கையில். சிறுநீர் வடிந்து சேரும் பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கவேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. பார்க்க வருகிற பிள்ளைகள் பாசத்தில் அதைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிடுவார்கள். அப்போது சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும், கிருமியும் கூடவே ஏறும். குழாயும் பையும் சேரும் இடத்தைக் கழற்றவே கூடாது. பையைக் காலி செய்யுமுன்னும் பின்னும் கை கழுவவேண்டும்.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை கூடுகிறது. அதனால் "இவருக்கு இன்னும் டியூப் வேணுமா டாக்டர்?" என்று தினமும் காலையில் கேட்கும் தாதியைத்தான் நான் நல்ல தாதி என்பேன்.

ஒருநாள் டாக்டர் வேண்டாம் என்று தலையசைக்கிறார். பலூன் நீரை ஊசிக்குழலில் இழுத்து, குழாயை மெல்ல உருவி, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் தொட்டியில் போடுகிறார் தாதி. பெரியவரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, அளவுக் குவளையோடு காத்திருக்கிறார்.