தாய்வீட்டுக் கடிதங்கள்

மணமாகிப் புக்ககம் சென்ற பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து வரும் கடிதம் வெறும் குசலம் விசாரிக்கும் தாள் அன்று. தனக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்னும் தைரியத்தையும் அது அவளுக்கு அளிக்கிறது. தாதியர் கல்லூரியிற் பயின்று, தேர்ச்சி பெற்று, தொலைவிடங்களுக்குப் பணியாற்றச் செல்லும் தாதியரின் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே. கல்லூரி தன் மாணவியரை வெளியே அனுப்பியதோடு அவர்களை மறந்துவிடுமாயின் நட்டம் அடைபவர் யார்? தாதியா, கல்லூரியா, நோயாளியா? கடந்த நூற்றறுபது ஆண்டுகளின் தாதியர் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு, மூவருமே நட்டமடைகின்றனர் என்பது தெளிவாகும்.

மாத்தளை மாவட்டத்து யட்டவத்தயை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம். வாசனைப் பயிர்களுக்கும் கொக்கோவுக்கும் பெயர்பெற்ற மாவட்டத்திலே, மலைச்சரிவும் வயலும் சிறு கிராமங்களுமாக அமைந்த பிரதேசம் அது. கொழும்பிலோ கண்டியிலோ பயின்ற ஒரு தாதி இத்தகைய பிரதேசத்திற் பணிக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பயின்ற பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நிபுணர் இருந்தார், ஐயம் எழுந்தால் கேட்பதற்கு மூத்த தாதியர் பலர் இருந்தனர், நூலகமும் இருந்தது. நாட்டுப்புற ஆஸ்பத்திரியிலோ சில தாதியரே பகலையும் இரவையும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். புதிய மருந்து வருகிறது. பழைய சிகிச்சை முறை பிழையென்று தள்ளப்படுகிறது. இவற்றை அவளுக்கு எடுத்துச் சொல்வார் யார்? அதுமட்டுமன்று. அந்த மலைப்புறத்து மக்களிடையே அவள் கண்டறிந்த உண்மைகளை அவளிடம் கேட்டறிவார் யார்? இந்த இரு வினாக்களும் புதியவை அல்ல. தாதியர் கல்வி தோன்றிய காலந்தொட்டே இவை எழுந்துள்ளன.

இலண்டன் மாநகரிலே, செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், 1860ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நைட்டிங்கேல் தாதியர் பாடசாலை ஆரம்பமாயிற்று. கிரிமியப் போரிலே புளோரன்ஸ் நைட்டிங்கேல் ஆற்றிய தொண்டை மெச்சிப் பொதுமக்கள் திரட்டிய நிதியே அதற்கு மூலதனம். பாடசாலை தொடங்கிய காலத்தில் அவ்வம்மையார் உடல்நலங் குன்றி, பெரும்பாலும் வீட்டினுள்ளேயே வாழ்ந்து வந்தார். ஆகவே வகுப்பறையில் நின்று கற்பிக்க அவரால் இயலவில்லை. ஆயினும் பயிற்சி முடித்து வெளியேறிய தாதியருக்கு அவர் ஓயாது கடிதம் எழுதினார். 1872ஆம் ஆண்டு முதல் 1900ஆம் ஆண்டு வரை, பயிலும் மாணவியருக்கும் பயின்று வெளியேறியோருக்குமாகப் பொது மடல்களும் வரைந்து அனுப்பி வந்தார்.

அம்மாணவியர் சென்ற இடங்களோ எளிதானவை அல்ல. 1865ஆம் ஆண்டிலே ஆக்னஸ் ஜோன்ஸ் என்பவர் பன்னிரு தாதியருடன் லிவர்பூல் நகரத்து ஏழையர் விடுதியின் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் நெருங்கிக் கிடந்த இடம் அது. அங்கு அவருக்குத் துணையாயிருந்தவற்றுள் நைட்டிங்கேலின் கடிதங்களும் ஒன்று. மூன்றாண்டுகள் அயராது உழைத்த அப்பெண்மணி, 1868இல் நச்சுக் காய்ச்சலுக்கு இரையானார்.

அதே 1868ஆம் ஆண்டிலே லூசி ஆஸ்பர்ன் என்னும் மற்றொரு மாணவி, ஐந்து தாதியருடன் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குக் கப்பலில் வந்து சேர்ந்தார். அவர் கதை வேறு விதமாக முடிந்தது. அவர்கள் சிட்னியை அடைந்த சில நாட்களில், அரசகுமாரர் ஒருவர் அங்கே துப்பாக்கிச் சூட்டுக்கு உள்ளாகித் தாதியரின் பராமரிப்பில் இருக்க நேர்ந்தது. அந்நிகழ்ச்சியைப் பற்றி ஆஸ்பர்ன் எழுதிய கடிதம் பலர் கைக்கு மாறியதால் நைட்டிங்கேல் மனக்கசப்புற்றார். கடல் கடந்து கடிதம் போய்ச் சேரவும், மறுமொழி வந்து சேரவும் மாதங்கள் சென்ற காலம் அது. ஒருமுறை விளைந்த கசப்பு அடுத்த தபாலில் தீரவில்லை. பிறரும் தத்தம் குறைகளை இலண்டனுக்கு எழுதினர். நாளடைவில், தாம் அனுப்பிய மாணவி தோல்வியுற்றாள் என்றே நைட்டிங்கேல் முடிவு கட்டிவிட்டார். ஆயினும் ஆஸ்பர்ன் தம் பணியைக் கைவிட்டாரல்லர். 1884ஆம் ஆண்டு வரை சிட்னி ஆஸ்பத்திரியிலேயே இருந்து, அந்நாட்டுத் தாதியர் பணிக்கு அடித்தளமிட்டார். அவரை ஆதரித்திருக்க வேண்டிய தாய்வீடு, கேள்விச் செய்திகளை நம்பி முகம் திருப்பிக்கொண்டது. தொடர்பு இருந்தால் மட்டும் போதாது. அங்கு நடப்பது யாது என்பதைப் பொறுமையுடன் கேட்கும் செவியும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

நைட்டிங்கேலின் மடல்கள் ஒருத்தி பலருக்கு எழுதியவை. அம்மாணவியர் தமக்குள்ளே ஒன்றுகூடிப் பேசத் தொடங்கியதைக் காண அமெரிக்க நாட்டுக்குச் செல்ல வேண்டும். அக்காலத்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலே தாதியர் வேலையை மாணவியரே செய்து வந்தனர். படித்து முடித்தவர்களோ வீடு வீடாகச் சென்று, தனித்தனியே நோயாளரைப் பராமரித்துப் பிழைத்தனர். ஒருவரையொருவர் சந்திக்கவும் வாய்ப்பில்லை. மூன்று மாதப் பயிற்சி பெற்றவளும் மூன்றாண்டுப் பயிற்சி பெற்றவளும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். 1893இல் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டித் தாதியர் பாடசாலைத் தலைவியர் கூடினர். இசபெல் ஹாம்ப்டன் போன்றோர், ஒவ்வொரு பாடசாலையும் தன் பழைய மாணவியரைச் சங்கமாகத் திரட்ட வேண்டுமென வற்புறுத்தினர். அச்சங்கங்கள் 1896ஆம் ஆண்டில் ஒரு பெருஞ்சங்கமாக இணைந்தன. 1900ஆம் ஆண்டில் அவர்கள் தமக்கெனச் சஞ்சிகை ஒன்றையும் தொடங்கினர். 1903ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலம் தாதியரைப் பதிவு செய்யும் சட்டத்தை அந்நாட்டிலே முதன்முதலாக நிறைவேற்றியது. 1911ஆம் ஆண்டில் அப்பெருஞ்சங்கம் அமெரிக்கத் தாதியர் சங்கம் எனப் பெயர் பெற்றது. பழைய தோழியர் கூடித் தேநீர் அருந்தும் அமைப்பாகத் தோன்றக்கூடிய ஒன்று, ஒரு தொழிலுக்கே சட்டமும் மதிப்பும் பெற்றுத் தந்தது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. தாதியரைச் சட்டத்தினாற் பதிவு செய்யும் முயற்சி இங்கிலாந்தில் எழுந்தபோது அதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் நைட்டிங்கேல். நற்குணத்தைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது என்பது அவர் கொள்கை. பதிவுச் சட்டம் அங்கு நிறைவேறியது அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 1919ஆம் ஆண்டிலேதான். ஆசிரியையின் மடல் மாணவியின் உள்ளத்தை உறுதிப்படுத்தும். மாணவியர் தம்முள் பேசிக்கொள்ளும்போதோ ஆசிரியையும் எண்ணாத காரியம் கைகூடும்.

ஈழத்திலும் இத்தகைய உறவுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. அது தாதியரைப் பற்றியதன்று. வைத்திய மாணவரைப் பற்றியது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, தமிழ் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1873ஆம் ஆண்டில் உடல்நலங் காரணமாகத் தாயகம் திரும்பினார். ஆனால் அவரது பணி அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. மசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்தவாறே தமிழ் வைத்திய நூல்களைத் திருத்தியும் மொழிபெயர்த்தும் வந்தார். 1884இல் மறையும் வரை யாழ்ப்பாணத்தோடு கடிதத் தொடர்பையும் விடவில்லை. மாணவனுக்கு ஆசிரியர் அனுப்பும் மிகச் சிறந்த கடிதம், அவன் தாய்மொழியில் அமைந்த ஒரு புதிய பாடநூலே என்பதை அவர் செயலிற் காட்டினார்.

கிறீனுக்கு முன்னரே யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தவர் ஜோன் ஸ்கடர். 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு ஈழத்துக்கு வந்து, பின்னர் 1836இல் சென்னைக்குச் சென்றவர் அவர். அவருடைய மகன்வழிப் பேர்த்தியே வேலூரின் ஐடா ஸ்கடர். 1900ஆம் ஆண்டில் வேலூரில் பணி தொடங்கிய அவ்வம்மையார், 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியைத் திறந்தார். 1909இல் தாதியர் பாடசாலையை நிறுவினார். பிறர் உடலைத் தொட்டுப் பணிவிடை செய்வது தாழ்ந்த வேலை என்று கருதப்பட்ட காலம் அது. நல்ல குடும்பத்துப் பெண்கள் அதற்கு வருவார்களா என்று பலரும் ஐயுற்றனர். வந்தார்கள். 1946ஆம் ஆண்டில் அப்பாடசாலை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தாதியர் கல்லூரியாக உயர்ந்து, பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் டில்லியிலும் ஒரு தாதியர் கல்லூரி ஆரம்பமாயிற்று. இந்தியாவில் தாதியர் பல்கலைக்கழகப் பட்டம் பெறலாயினமை இவ்விரு கல்லூரிகளிலிருந்தே தொடங்குகிறது.

அந்த 1946ஆம் ஆண்டிலேயே, இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் குழுவின் அறிக்கையும் வெளியாயிற்று. 43,000 மக்களுக்கு ஒரு தாதி என்னும் கணக்கு அதிலே காணப்பட்டது. பட்டம் பெற்ற ஒவ்வொரு தாதியும் எத்துணை அருமையானவள் என்பதையும், எத்துணைத் தனிமையை அவள் எதிர்நோக்கினாள் என்பதையும் இந்த ஓர் எண்ணே காட்டும்.

வேலூர்க் கல்லூரி தன் மாணவியரோடு உறவைப் பேணுவதற்கு வேண்டிய அடிப்படை, அவர்களைச் சேர்க்கும் முறையிலேயே அமைந்திருந்தது. பல திருச்சபைகளும் மிஷன் ஆஸ்பத்திரிகளும் மாணவியரைத் தெரிந்து அனுப்பின. படிப்பு முடிந்தபின் அவர்கள் குறிப்பிட்ட காலம் அத்தகைய ஆஸ்பத்திரிகளிற் பணியாற்றுவதாக உறுதியளித்தனர். ஆகவே எந்த மாணவி எங்கே இருக்கிறாள் என்பது கல்லூரிக்குத் தெரிந்திருந்தது. பழைய மாணவர் சங்கமும் அதன் கூட்டங்களும் அவ்வுறவை வளர்த்தன. 1968ஆம் ஆண்டில் தாதியியலில் முதுமாணிப் படிப்பு அங்கே தொடங்கியபோது, நாட்டுப்புறத்தில் உழைத்து வந்தவர்களுக்கு மீண்டும் கல்லூரிக்குத் திரும்ப ஒரு வழி திறந்தது. அவ்வாறு திரும்புபவள் வெறுங்கையோடு வருவதில்லை. மின்சாரமில்லாத அறையில் பிரசவம் பார்த்த அனுபவத்தையும், கிராமத்துத் தாய் ஏன் தடுப்பூசிக்கு அஞ்சுகிறாள் என்னும் அறிவையும் கொண்டு வருகிறாள். அடுத்த தலைமுறைக்கு ஆசிரியையாக அவள் நிற்கும்போது, பாடநூலில் இல்லாத பாடமும் வகுப்பறைக்குள் நுழைகிறது.

தனித்தனிக் கல்லூரிகளின் எல்லைக்கு அப்பாலும் இந்தியத் தாதியரை இணைத்தது இந்தியப் பயிற்சித் தாதியர் சங்கம். 1908ஆம் ஆண்டில் உருவான அச்சங்கம் 1910 முதல் சஞ்சிகை ஒன்றை வெளியிடலாயிற்று. தொலைவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் தனித்திருந்த தாதிக்கு, தன் தொழிலைச் சேர்ந்தோர் நாடெங்கும் உளர் என்பதை அச்சஞ்சிகை நினைவூட்டியது.

இலங்கையில் தாதியர் பட்டக் கல்வி சற்றுப் பிந்தியே வந்தது. 1994ஆம் ஆண்டிலே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் தாதியியல் விஞ்ஞானமாணிப் படிப்பைத் தொடங்கியது. தொலைக்கல்வி முறையில் அமைந்த படிப்பு அது. தாதி தன் ஆஸ்பத்திரியை விட்டு நீங்காமலே படிக்கலாம். பாடங்கள் அவளைத் தேடிச் செல்லும். நோயாளியை விட்டுப் படிக்கப் போவதா, படிப்பை விட்டு நோயாளியோடு இருப்பதா என்று தவித்தவர்களுக்கு இது ஒரு விடையாயிற்று. மாத்தளைக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகமும் பின்னர் தாதியியற் பட்டத்தை வழங்கலாயிற்று.

இன்று தபாலுக்காக மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசி ஒரு நொடியில் யட்டவத்தயையும் பேராதனையையும் இணைக்கும். வளைகுடா நாடுகளிலும் இங்கிலாந்திலும் பணியாற்றும் தோழியரையும் இணைக்கும். ஆயினும் தொடர்பு எளிதாகிவிட்டதனால் உறவு தானே வளர்ந்துவிடும் என்று கருதுவதற்கில்லை. நன்கொடை கேட்பதற்கு மட்டும் பழைய மாணவியை நினைக்கும் கல்லூரி, சீர் கேட்பதற்கு மட்டும் மகளின் வீட்டுக்கு வரும் உறவினரைப் போன்றது. பொன்விழா மலரில் அவளது பெயரை அச்சிடுவதோடு அதன் கடமை தீர்ந்துவிடாது. அவள் பணியாற்றும் இடத்துக்கு வேண்டிய புதிய அறிவை அவள் அறிந்த மொழியில் அனுப்புவதும், அங்கிருந்து அவள் அனுப்பும் செய்தியைப் பாடத்திட்டத்திற் சேர்ப்பதும், அவளுக்கு இழுக்கு நேர்ந்ததாகக் கேள்விப்பட்டால் முதலில் அவளையே கேட்பதும் கல்லூரியின் கடன்களாகும்.

சிட்னிக்குச் சென்ற ஆஸ்பர்ன் அம்மையாருக்கு அந்தக் கடைசிக் கடன் செலுத்தப்படவில்லை. கடல் நடுவே கிடந்தது, தபால் தாமதித்தது, அந்தக் காலத்துக்கு அப்படி ஒரு சமாதானமாவது உண்டு. மலைப்புறத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரவுக் கடமையில் இருக்கும் இன்றைய தாதிக்குச் சொல்வதற்கு எந்தக் கல்லூரிக்கும் அத்தகைய சமாதானம் இல்லை.