எல்லைக்கல்லைத் தாண்டாத ஊர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, டாபிசயர் மாவட்டத்து மலைச்சாரலில் ஈம் என்னும் சிற்றூர் உள்ளது. போர் வெற்றியினாலோ அரசர் வருகையினாலோ அது பெயர் பெற்றதன்று. பதினான்கு மாதத் துன்பத்தினாற் பெயர் பெற்றது.

1665 ஆம் ஆண்டில் இலண்டனைக் கொள்ளைநோய் வாட்டிற்று. அங்கிருந்து இவ்வூர்த் தையற்காரர் ஒருவருக்கு வந்த துணிப்பொதியோடு நோயும் வந்தது என்பர். அவரிடம் வேலைபார்த்த ஜோர்ஜ் விக்கர்ஸ் செப்டெம்பர் 7 ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்டார். குளிர்காலத்தில் தணிந்த நோய், அடுத்த கோடையில் மீண்டும் மூண்டது. ஊரார் ஓட எண்ணினர். அவர்கள் ஓடின் நோயும் அயலூர்களுக்கு ஓடும்.

அவ்வேளை அங்கே போதகர் இருவர் இருந்தனர். ஒருவர் தோமஸ் ஸ்ரான்லி. அரச திருச்சபையின் வழிபாட்டு முறைக்கு இணங்க மறுத்துப் பதவியிழந்தவர். மற்றவர் அப்பதவிக்கு 1664 இல் வந்த இளைஞர் வில்லியம் மொம்பெசன். ஊராரிற் பலர் பழையவரையே நம்பினர். இருவரும் வேற்றுமையை ஒதுக்கி, ஒரே குரலில், "எல்லை தாண்ட வேண்டாம்" என மக்களை வேண்டினர். மக்களும் இசைந்தனர்.

தேவாலயம் பூட்டப்பட்டது, கக்லெற் என்னும் பள்ளத்தாக்கில் திறந்த வெளியிலே வழிபாடு நடைபெற்றது. அயலார் உணவுப் பொருள்களை எல்லைக்கல்லருகே வைத்தனர். அக்கல்லின் குழிகளில் வினாகிரி ஊற்றி, அதனுள் ஊரார் காசை இட்டனர். இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே புதைத்தனர். எலிசபெத் ஹான்கொக் என்னும் பெண், எட்டு நாள்களுள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தம் கையாலேயே புதைத்தார். ரைலிக் கல்லறைகள் இன்றும் அதற்குச் சான்று. தம் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய மொம்பெசனைப் பிரியாது உடனிருந்த மனைவி கத்தரீனும், 1666 ஆகஸ்டில் மாண்டார். அவருடைய கல்லறை, தேவாலய முற்றத்தில் நிற்கும் பழைய சாக்சன் சிலுவைக்கு அருகில் உள்ளது.

அவ்வாண்டு நவம்பரில் நோய் ஓய்ந்தது. மாண்டவர் 260 பேர் என்பது வழிவழி வந்த கணக்கு. இக்கதைக்குப் பிற்காலத்தார் மெருகூட்டினர் என ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். அது மெய்யாயினும் ஆகுக. கல்லறைகள் மெருகு அறியா.

ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறுதோறும் கக்லெற்றில் மக்கள் கூடி நினைவு வழிபாடு நடத்துகின்றனர். எல்லைக்கல்லின் குழிகள் தேய்ந்து வழவழப்பாகியுள்ளன. அதனைக் காண்போர் அதைத் தாண்டாது நின்றவர்களை நினைப்பர். அவர்களை அவ்வாறு நிற்கச் செய்தது சட்டமும் படையும் அன்று. தம்முள் மாறுபட்ட இருவர், மக்கள்பொருட்டு ஒன்றுபட்டு உரைத்த சொல்லே என்பதை நாம் மறத்தலாகாது.